மூன்றாவது முறை அழுத்திய மைக்

போன சனிக்கிழமை நான் உங்கள் எல்லோருக்கும் ஆன்டெனாவில் கட்டச் சொல்லி ஆளுக்கொரு சோப்பு டப்பா கொடுத்தேன். நேற்று வந்து பார்த்தால் ஒன்று கழற்றப்பட்டு மேசையின் மேல் கிடக்கிறது. யாருடையது என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள், அப்புறம் சாயங்காலம் வரை பட்டறையில் ஸ்குரூ டிரைவர் கேட்டால்கூடப் பதில் வராது. ஆனால் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்ததே, "அது கனமா இருக்கு மேடம், அது இல்லாமலேயே எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்னு புள்ளி ஒன்னு காட்டுது" என்று, அந்தக் குரலுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களும் கேளுங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள்.

கப்பல் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற இந்தப் பட்டறையில் வேலை பார்த்துத்தான் எனக்குத் தலை நரைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் இங்கே வருகிறேன் என்றால் ராயபுரத்து வீட்டில் பொழுது போகாததால் அல்ல. உங்களை நம்பி இந்தப் பெட்டிகளை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான். பட்டறை வேலை வயிற்றுக்கு. அமெச்சூர் ரேடியோ நம் ஆசைக்கு. லைசென்ஸ் வாங்கி, சொந்தச் செட்டு வைத்து, காலையில் ஒருவரையொருவர் கூப்பிட்டு நலம் விசாரித்துக்கொள்கிற கூட்டம் நாம். புயல் வந்து போன் எல்லாம் செத்துப்போனால் மட்டும் ஊருக்கு நம் நினைப்பு வரும். மற்ற நாளில் மொட்டை மாடியில் கம்பி கட்டி வைத்திருக்கிற பைத்தியங்கள்.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்ன சொல்கிறது? ரேடியோ அனுப்புகிற சக்தியை ஆன்டெனா வாங்கிக்கொள்கிறதா, திருப்பி அனுப்புகிறதா என்று சொல்கிறது. முள் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றால் வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். சரி. வாங்கிக்கொண்ட சக்தி எந்த வழியாகப் போகிறது என்று அது சொல்லாது. அதைச் சொல்வதற்கு அதற்கு வாய் கிடையாது. நீங்களோ முள்ளைப் படம் எடுத்து குரூப்பில் போட்டுவிட்டு அதற்கு வந்து விழுகிற கட்டை விரல்களை எண்ணிக்கொண்டு இருக்கிறீர்கள்.

நம் ஆன்டெனாவுக்கு இரண்டு கை. நடுவில் கேபிள் வந்து சேர்கிறது. கேபிளுக்குள் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு பின்னல். சக்தி முழுக்க கேபிளின் உள்ளேயே இருக்க வேண்டும். ஆனால் மேலே போய்ச் சேர்ந்ததும் அதில் ஒரு பங்கு அந்தப் பின்னலின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் கீழே இறங்கும். அப்போது நீங்கள் கட்டாத மூன்றாவது கை ஒன்று முளைத்துவிடுகிறது. அந்தக் கை மாடியிலிருந்து சுவர் வழியாக, ஜன்னல் வழியாக, நீங்கள் உட்கார்ந்திருக்கிற அறைக்குள்ளேயே நீண்டு வரும். மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்று சுடும். பக்கத்தில் போகிற கரண்ட் ஒயரிலும் தொற்றிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் சோக். ஃபெரைட் என்கிற கருப்புக் காந்தப்பொருள் வளையத்துக்குள் கேபிளை நாலைந்து தடவை நுழைத்துச் சுற்றினால் வெளியே ஓடுகிறது அங்கேயே நின்றுவிடும், உள்ளே ஓடுகிறதுக்கு ஒன்றும் ஆகாது. சிலர் இதையே பேலன் என்று சொல்வார்கள். பெயரில் என்ன இருக்கிறது, டப்பாவுக்குள் இருப்பது இதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பட்டறையை நடத்தியவரை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். அவர் பெயரை இந்தக் கதையில் சொல்லாதே என்று அவரே கேட்டுக்கொண்டார். பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனா விஷயத்தில் அவர் கை வைத்தால் மறுபேச்சு கிடையாது. துறைமுகத்தில் கப்பல் நின்றுகொண்டிருக்கும், கேப்டன் குதித்துக்கொண்டிருப்பார், இவர் ஒரு பீடா போட்டுக்கொண்டு நிதானமாக மேலே ஏறுவார். இறங்கி வந்தால் ரேடியோ பேசும். என்னை அவர் ஒரு நாளும் பொம்பளை என்று கீழே நிற்க வைத்ததில்லை. "ஃபிலோ, ஏறு" என்பார், அவ்வளவுதான்.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அவரிடம் மட்டுமா, நம் எல்லோரிடமும் இருக்கிறது. அமெச்சூர் ரேடியோக்காரன் குடியிருக்கிற தெருவில் யார் வீட்டில் என்ன கெட்டாலும் பழி அவன் தலையில்தான் விழும். டிவியில் கோடு விழுந்தால் இவன், ஃபேன் சுற்றாவிட்டால் இவன், திருவொற்றியூரில் ஒரு அம்மா மாவு புளிக்காததற்கே பெரியவரிடம் சண்டைக்கு வந்தது. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய், வாசல் மணி அடித்ததுமே நம் வாயில் ஒரு பதில் தயாராக வந்து நிற்கும். "எங்க செட்டு கிளீன். உங்க சாமானைப் பாருங்க." பத்தில் எட்டுத் தடவை அது உண்மையாகவும் இருக்கும். அதனாலேயே அது மனப்பாடம் ஆகிவிட்டது. நானும் சொல்லியிருக்கிறேன். நீங்களும் இந்நேரம் சொல்ல ஆரம்பித்திருப்பீர்கள்.

ஊரே மூழ்கிய அந்தப் புயல் மழை வந்தபோது எர்ணாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் முதல் மாடியில் முகாம் போட்டிருந்தார்கள். கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். தண்ணீர் மேல் கருப்பாக ஒரு எண்ணெய்ப் படலம் மிதந்துகொண்டிருந்தது, வாடை தொண்டையைப் பிடித்தது. போன் டவர்கள் எல்லாம் செத்துவிட்டன. கையில் வைத்திருக்கிற சின்ன செட்டுகளின் பேச்சை வாங்கித் தூரத்துக்கு அனுப்புகிற ரிப்பீட்டரும் கரண்ட் இல்லாமல் படுத்துவிட்டது. ஆகவே பெரியவரும் நானும் பெரிய செட்டைத் தார்ப்பாயில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு போய், முகாமின் கோடி வகுப்பறையில் உட்கார்ந்தோம். மொட்டை மாடியில் ஆன்டெனா. நகரத்துக்குள் இருந்த கட்டுப்பாட்டு அறையில் நம் ஆள் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே படகு வேண்டும், எங்கே சோறு வேண்டும் என்று நாங்கள் சொன்னால்தான் அங்கே தெரியும்.

காலையில் ஆன்டெனா சரியாகத்தான் இருந்தது. நடுவில் சோப்பு டப்பாவில் சோக்கும் இருந்தது. கடல் பக்கத்திலிருந்து அடித்த காற்றில் அந்த டப்பா ஊஞ்சலாடி ஊஞ்சலாடிக் கம்பியை அறுத்துவிட்டது. மழைக்குள் மாடியில் தவழ்ந்து போய்க் கம்பியை முறுக்கிச் சேர்த்தார் பெரியவர். டப்பாவைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இத்த மறுபடி கட்னா மறுபடி அறுக்கும், ஃபிலோ. காத்து நின்னதும் கட்டிக்கலாம்" என்று அதைத் தம் பையில் போட்டுக்கொண்டார்.

அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. அறுந்து கிடக்கிற ஆன்டெனாவைவிட சோக் இல்லாத ஆன்டெனா மேல். கீழே வந்து முள்ளைப் பார்த்தோம். ஒன்று புள்ளி ஒன்று. கட்டுப்பாட்டு அறை தெளிவாகக் கேட்கிறது என்றது. அதோடு அந்த டப்பாவை மறந்துவிட்டோம்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான்கு பேர் ஒரு வயதானவரை மீன் கொட்டுகிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் உட்கார வைத்துத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெயர் எத்திராஜ். பூர்வீகம் நெட்டுக்குப்பம், அப்போது எர்ணாவூர் குடியிருப்பில் மகளோடு இருந்தார், காலமெல்லாம் கடலுக்குப் போனவர். நுரையீரல் கெட்டுப்போய் கொஞ்ச காலமாகவே ஆக்ஸிஜன் இயந்திரத்தின் துணையில் இருந்தார். அனல் மின் நிலையத்துச் சாம்பலும் காரணம், பீடியும் காரணம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். இயந்திரத்தை அவருடைய மகள் அமுலு தன் தலையில் சுமந்துகொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்தாள். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. சிலிண்டர் வேண்டாம், ஆனால் கரண்ட் வேண்டும். வீட்டில் கரண்ட் போனதால் பள்ளிக்கூடத்து ஜெனரேட்டரை நம்பி வந்திருந்தார்கள்.

எங்கள் அறைக்கு அடுத்த அறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அவரைப் படுக்க வைத்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து ஒயர் அவர் அறை ஜன்னல் வழியாக உள்ளே போனது. அதே ஜன்னல் கம்பியை ஒட்டித்தான் எங்கள் கேபிளும் மாடியிலிருந்து இறங்கி வந்தது. இரண்டையும் ஒரே கயிற்றில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், பார்க்க ஒழுங்காக இருந்தது.

பெட்டி ஓட ஆரம்பித்ததும் கிழவர் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. ஆனால் ஜெனரேட்டருக்கு டீசல் இருட்டும் வரைக்கும்கூட வராது என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். ஆக, இருட்டுவதற்குள் ஒரு சிலிண்டரோ ஒரு படகோ வந்தாக வேண்டும். அதைக் கேட்க எங்கள் ரேடியோவை விட்டால் வேறு வழியில்லை.

பெரியவர் மைக்கை எடுத்து விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அடுத்த அறையில் பீப் பீப் என்று ஒரு சத்தம், அப்புறம் இயந்திரத்தின் இரைச்சல் நின்றுபோனது. ஜெனரேட்டர் இழுக்கவில்லை போல என்று எல்லோருமே நினைத்தோம். அமுலு சுவிட்சைத் தட்டி மறுபடி ஓட வைத்தாள். ஒன்று சொல்கிறேன், அந்தப் பெட்டி ஒருமுறை நின்றால் திரும்ப ஓட ஆரம்பித்த உடனே முழு ஆக்ஸிஜன் வராது. கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரம் கிழவர் வாயைப் பிளந்துகொண்டு, கழுத்து நரம்பு புடைக்க இழுத்துக்கொண்டு கிடந்தார்.

கட்டுப்பாட்டு அறை, இடம் சரியாகப் புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றது. பெரியவர் மறுபடி மைக்கை அழுத்தினார். மறுபடி பீப் பீப்.

இந்தத் தடவை அமுலு எங்கள் வாசலில் வந்து நின்றாள். நனைந்த புடவை, கையில் பிளாஸ்டிக் குழாய்.

"சார், நீ அதுல பேசசொல்லோ எங்க மெஷின் நிக்குது சார்."

பெரியவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"எங்க செட்டு கிளீனும்மா. ஜெனரேட்டர் டல்லடிக்குது. உங்க மெஷினப் பாரு."

"ரெண்டு தபாவும் நீ பேசசொல்லோதான் சார் நின்னுச்சு. நா பாத்துகினேதான் கீறேன்."

"தற்செயலா இருக்கும். போம்மா, போய் அவர் பக்கத்துல இரு. உங்கப்பாவுக்குத்தான் படகு கேட்டுக்கினு இருக்கேன்."

ஜன்னலைப் பார்த்தேன். ஒன்றாகக் கட்டிக்கிடந்த கேபிளையும் ஒயரையும் பார்த்தேன். பையில் கிடக்கிற டப்பா ஞாபகத்துக்கு வந்தது.

"சார், அது நம்மளோடதுதான். சோக் இல்ல. வெளிய ஓடுறது அந்த ஒயர்ல ஏறுது. மைக்க வெச்சிடுங்க" என்றேன்.

"எஸ்.டபிள்யூ.ஆர். நல்லா கீதேடி."

"அது இத்தச் சொல்லாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

அவர் முகம் சிவந்தது. கோபக்காரர்தான், ஆனால் முட்டாள் இல்லை. அவர் கேட்ட கேள்வியையும் கேளுங்கள், இன்று வரைக்கும் அதை என்னால் சும்மா தள்ளிவிட முடியவில்லை.

"சரி, நீ சொல்ற மாதிரி கேபிளச் சுத்திகினு உக்காரலாம். அதுக்குள்ள டீசல் தீந்துட்டா? காரணம் ஜெனரேட்டரா இருந்து, நாம பொழுது வீணாக்கிட்டா? அந்த ஆளுக்கு யாரு படகு கூப்புடுவா?"

"அந்தப் பொண்ணு சொல்றத நம்பிடுவோம் சார். நெசமா பொய்யான்னு அப்பால பாத்துக்கலாம்."

"ஒரு தபா பாத்துட்டா தெரிஞ்சிடும்" என்றார்.

மைக்கின் சுருள் ஒயர் நீளும் மட்டும் இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கிருந்து அடுத்த அறை தெரியும். பெஞ்சும் தெரியும், பெட்டியும் தெரியும், அதன் பக்கத்தில் மண்டியிட்டு அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த அமுலுவும் தெரியும். அவள் நிமிர்ந்து இவரைப் பார்த்தாள். இவர் பெட்டியைப் பார்த்தார். மைக்கை அழுத்தி, "ஹலோ, ஹலோ" என்றார்.

பெட்டி நின்றது.

அவர் கை மைக்கை விட்டுவிட்டது. அது ஒயரோடு போய் மேசைக்காலில் மோதி ஆடியது. அடுத்த அறையில் அமுலு கத்தவில்லை. சுவிட்சைத் தட்டினாள், குழாயைச் சரி செய்தாள், "நைனா, இழு நைனா, மெதுவா இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எத்திராஜின் உதடு நீலமாக இருந்தது. இந்தத் தடவை அந்த நீலம் சீக்கிரம் போகவில்லை.

நான் முதலில் ஜன்னலுக்குப் போய்க் கயிற்றை அறுத்து, எங்கள் கேபிளை வேறு ஜன்னல் வழியாக எடுத்து வந்தேன். அடுத்தது சோக். ஆன்டெனாவை இறக்கி நடுவில் டப்பாவைக் கட்ட அந்தக் காற்றில் நேரம் இல்லை. மாடியில் கேபிள் சுவரைத் தொடுகிற இடத்தில், ஒரு காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதைச் சுற்றி மிச்சக் கேபிளைச் சுருளாகச் சுற்றினேன். அழகு கிடையாது, ஆனால் வளையம் இல்லாவிட்டாலும் இதுவும் சோக்கின் வேலையைச் செய்யும். சுற்றச் சுற்ற அவிழ்ந்தது, மழையில் கேபிள் வழுக்கியது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அமுலு.

"நீ இன்னாடி இங்க? போய் அவர் பக்கத்துல இரு."

"சார் கூட கீறாரு நைனா பக்கத்துல. அவர்தான் போவ சொன்னாரு. நீ புடி, நா கட்றேன்."

இடுப்பில் செருகியிருந்த வலை நூலை எடுத்துப் பல்லால் கடித்து அறுத்து, ஒவ்வொரு சுற்றும் அடுத்ததை நெருங்கி நிற்கும்படி முடிச்சுப் போட்டாள். முடிச்சு ஒன்றுகூடத் தளரவில்லை.

மிச்சம் ஒரு காரியம் இருந்தது. இது வேலை செய்கிறதா என்று யாராவது மைக்கை அழுத்திப் பார்த்தாக வேண்டும். வேறு வழியே இல்லை, நான் அழுத்தினேன். அதற்கு முன்னால் பவரைக் குறைந்த மட்டத்துக்கு இறக்கினேன். அமுலுவைப் பெட்டிக்குப் பக்கத்தில் சுவிட்சின் மேல் விரல் வைத்து நிற்க வைத்தேன். "நான் இப்ப அழுத்தப் போறேன், சத்தம் மாறினா கைய ஆட்டு, உடனே வுட்டுடுவேன்" என்று சொல்லி, அவள் தலையாட்டிய பிறகுதான் அழுத்தினேன். பெட்டி ஓடியது. கொஞ்சம் ஏற்றினேன். ஓடியது. முழுப் பவர் நான் போகவே இல்லை. கரகரப்புக்கு நடுவில் இடத்தை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அந்தப் பக்கம் வாங்கிக்கொண்டார்கள்.

பெரியவர் கிழவரின் தலையைத் தம் மடியில் உயர்த்தி வைத்துக்கொண்டு அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். படகு வரும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஃபைபர் படகு வந்தது, சிலிண்டரும் வந்தது. படிக்கட்டில் இறக்கும்போது எத்திராஜ் கண்ணைத் திறந்து மகளைத் தேடினார். "இங்கதான் கீறேன் நைனா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டே படகில் ஏறினாள்.

ஆஸ்பத்திரிக்கு உயிரோடுதான் போனார். வீட்டுக்கு உயிரோடு வரவில்லை.

நுரையீரலில் ஏற்கெனவே ஒன்றும் மிச்சமில்லை, தண்ணீரில் நனைந்தது வேறு, என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். மூன்று தடவை பெட்டி நின்றதில் எவ்வளவு போனது என்று அளக்க எந்த மீட்டரும் இல்லை. நம் கூட்டத்தில் எல்லோரும் பெரியவரைத் தேற்றினார்கள். உங்களால்தான் படகே வந்தது, ரேடியோ இல்லாவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்றார்கள். அதுவும் பொய்யில்லை. அந்த வீட்டுக்குப் போகாதீர்கள், போய்ச் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஆறுகிற புண்ணைக் கிளறுவானேன் என்றும் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். காரியம் முடிந்த மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஃபிலோ, கெளம்பு" என்றார்.

எர்ணாவூர் குடியிருப்பில் அமுலுவின் வீடு மூன்றாவது மாடி. படி ஏற அவருக்கு மூச்சு வாங்கியது. உள்ளே எத்திராஜின் படத்துக்கு மாலை, முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கு. அந்தப் பெட்டி மூலையில் துணி போட்டு மூடியிருந்தது. அமுலு எங்களை உட்கார வைத்து டீ கொண்டு வந்தாள். பெரியவர் டம்ளரைத் தொடவில்லை.

"அம்மா, அன்னிக்கி உங்க மெஷின் நின்னது என் ரேடியோவாலதான்."

"தெரியும் சார்."

"மெஷினப் பாருன்னு உன்னையே திருப்பிச் சொன்னேன்."

"அத்த வுடு சார். மொத தபா உனுக்குத் தெரியாது. ரெண்டாவது தபா நின்னதும் நா சொன்னேன், நீ நம்பல. யாரு நம்புறாங்க, எங்க பேச்ச ஆஸ்பத்திரிலயே நம்பமாட்டான், ஆபீஸ்லயும் நம்பமாட்டான். அதுக்கெல்லாம் நா ஒன்னும் சொல்லல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூணாவது தபா வாசல்ல வந்து நின்னு, எங்களப் பாத்துகினே அழுத்துனியே சார். அது எதுக்கு?"

பெரியவர் துணி மூடிய பெட்டியைப் பார்த்தபடி சொன்னார்.

"பாக்கறதுக்கும்மா. ரேடியோவா, மெஷினான்னு பாக்கறதுக்கு."

"எங்க நைனா மேலயா?"

ஏதாவது சொல்வார் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். படகைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், டீசலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம், எல்லாமே உண்மைதான். அவர் "ஆமாம்மா" என்றார்.

அமுலு அழவில்லை, ஏசவும் இல்லை. அதைவிட ஏசியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. டம்ளரை அவர் பக்கம் தள்ளி வைத்து, "ஆறிப்பூடுது, குடி சார்" என்றாள். அவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. யாராவது வந்து உன் ரேடியோவால் எனக்கு என்னமோ ஆகிறது என்று சொன்னால், முதலில் மைக்கிலிருந்து கையை எடுங்கள். சொன்னவர் தப்பாகவே சொல்லியிருக்கட்டும், மாவு புளிக்காத அம்மாவாகவே இருக்கட்டும். கையை எடுத்துவிட்டு அப்புறம் வாதாடுங்கள். சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், யார் தலையில் விடிகிறதோ அவரிடம் கேட்டுவிட்டு அழுத்துங்கள். அந்தப் பக்கம் மூச்சுக்குத் தவிக்கிற ஒரு ஆள் இருக்கிறாரா என்று மீட்டர் உங்களுக்குச் சொல்லாது.

இப்போது அந்த டப்பா. திறந்து பாருங்கள். வளையத்தில் கேபிளின் சுற்றுகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும், இடையிடையே வலை நூல் முடிச்சு இருக்கும். அந்த முடிச்சைப் பெரியவர் அமுலுவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். உங்களுக்குக் கொடுத்த டப்பாக்கள் அத்தனையும் அவர் வீட்டில் உட்கார்ந்து சுற்றி அனுப்பியவை. கனமாகத்தான் இருக்கும். காற்றில் அறுக்கும் என்றால் கம்பியைத் தடிமனாகப் போடுங்கள், நடுவில் ஒரு கழி நட்டுத் தாங்கிக் கொடுங்கள். கழற்றாதீர்கள்.

காலையில் நம் கூட்டத்துக்கு ரேடியோவில் வருகை எடுப்பது இப்போது நான்தான், உங்களுக்குத் தெரியும். பட்டியலில் முதலில் வருவது அவர்தான். அவர் வீட்டு மாடியில் ஆன்டெனா இன்னும் இருக்கிறது, செட்டும் ஓடுகிறது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ரேடியோவில் நான் எதையாவது தப்பாகச் சொன்னால், மறுநாள் நான் அவர் வீட்டுக்குப் போகும்போது திருத்துவார். தினமும் அவருடைய அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு மைக்கை விட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். இரைச்சல் மட்டும் வருகிறது. அவர் அன்றைக்கு அப்புறம் மைக்கைத் தொடவே இல்லை.